ஒரு சத்தமும் போடவில்லை

பட்டாளத்தார் பொய் சொல்லமாட்டார் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுபத்தொன்பது வயதுக்குள் அந்த மனிதர் சொன்னது மொத்தமே ஒரு பொய்தான். அதை இருபத்து நான்காவது வயதில் சொன்னார். அன்றிலிருந்து கண்ணும் கருத்துமாய் அதைக் காப்பாற்றியும் வந்தார்.

இப்போது அதை உடைத்தாக வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் கிடக்கும் தையல்காரரிடம் போய், “நான் சொன்னது பொய்டா” என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஐம்பது வருஷச் சிநேகிதம் அந்தக் கட்டிலருகிலேயே முடிந்துபோகலாம். சொல்லாவிட்டால் அந்த ஆள் சாகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வதைபடுவார். இரண்டில் ஒன்று. நடுவில் ஒதுங்க இடமில்லை.

அது என்ன பொய் என்று தெரிய வேண்டுமானால் பட்டாளத்துக்குப் போக வேண்டும். பட்டாளத்தார் என்றதும் துப்பாக்கியும் கையுமாக ஒருவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் பட்டாளத்து பேண்டில் டிரம்பெட் ஊதியவர். பதினெட்டு வயதில் சேர்ந்தார். சண்டை இல்லாத காலத்தில் பேண்டுக்காரர்கள் பாடு சுகம்தான். காலையில் பயிற்சி, பிறகு பித்தளைக்கு மெருகு, பெரிய அதிகாரி யாராவது வந்தால் வாசலில் நின்று ஊதுவது, அவ்வளவே. வெயிலில் மூட்டை சுமந்து ஓடுகிற மற்றச் சிப்பாய்கள் இவர்களைப் பார்த்து, “மாப்பிள்ளைங்க வந்துட்டாங்கடா, நாற்காலி போடுங்கடா” என்று வயிற்றெரிச்சலில் கேலி செய்வார்கள்.

சண்டை என்று வந்துவிட்டால் அந்தக் கேலி நின்றுவிடும். வாத்தியங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு பேருக்கு ஒரு ஸ்ட்ரெச்சரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அடிபட்டவர்களைத் தூக்கிவருவது பேண்டுக்காரர்களின் வேலை. அதற்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தார் பேண்டு மேஜர். “கத்துறவனுக்கு உள்ள மூச்சு இருக்கு, அவன் காத்திருப்பான். கத்தாம கிடக்கறான் பார், அவனைத்தான் முதல்ல தூக்கணும்.” நல்ல விதிதான். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய விதி. யாரும் அதைத் தப்பு சொல்ல முடியாது.

பேண்டில் பட்டாளத்தாருக்கு உயிர்ச் சிநேகிதன் ஒருவன் இருந்தான். கிளாரினெட் வாசிப்பவன். இருபத்துமூன்று வயது, எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் அந்த ஒல்லிக் கூட்டுக்குள் எங்கிருந்துதான் அவ்வளவு காற்று இருந்ததோ! ஒரே மூச்சில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தங்கியிருந்த கூடத்தின் முப்பது கட்டில்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவான். படுத்திருப்பவர்கள் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். முப்பதாவது கட்டிலில் சுரத்தை நடுக்கமில்லாமல் நிறுத்திவிட்டு, “இன்னொரு பத்துக் கட்டில் போடச் சொல்லுங்கப்பா” என்பான். வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. அம்மா துணி தைத்துப் பிழைக்கிறாள், தம்பி ஒருவன் இருக்கிறான், சரியான அழுமூஞ்சி, தொட்டதற்கெல்லாம் அழுவான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அந்த நாள் காலையில் தூறல். மேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் விழுந்து கிடந்தார்கள். ஒருவர் வேறு கம்பெனியின் சமையல்காரர். முகம் தெரியாத ஆள், குப்புறக் கிடந்தார், அசைவில்லை. பதினைந்தடி தள்ளிக் கிளாரினெட்காரன். அவன் கத்திக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சரின் இன்னொரு முனையைப் பிடித்திருந்தவர் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர். “நம்ம பையன்டா, அவனை முதல்ல தூக்கிடலாம்” என்றார் அவர். பட்டாளத்தார் ஒரு நொடி காதைக் கொடுத்துக் கேட்டார். ஒவ்வொரு கத்தலும் நீளமாக, பிசிறில்லாமல், கெட்டியாக வந்தது. இசைக்காரர் காது அல்லவா, அதை நம்பினார்.

“அவன் எவ்வளவு நீளமா கத்தறான் கேக்கறீங்கல்ல? மூச்சு நல்லா இருக்கு. இவரைத் தூக்குங்க” என்றார். பிறகு சிநேகிதனைப் பார்த்து, “டேய், இதோ வந்துடறேன்” என்றார்.

ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான சேற்றுப் பாதை. முதல் இரண்டு வளைவு வரை அவன் கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர் இருந்த கூடாரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். டாக்டர் சமையல்காரரின் கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “இவர் போய் ரொம்ப நேரமாச்சேப்பா” என்றார்.

இருவரும் காலியான ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். இரண்டாவது வளைவில் ஒன்றும் கேட்கவில்லை. முதல் வளைவிலும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது அவன் முடிந்திருந்தான். வயிற்றில் காயம். உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டே இருக்க, பழகிய நுரையீரல் மட்டும் கடைசிவரை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. வேறு எவன் கத்தியிருந்தாலும் குரல் தேய்வது தெரிந்திருக்கும், பட்டாளத்தாரும் அவனையே தூக்கியிருப்பார். பக்கத்துப் பள்ளத்தில் கண்ணில் படாமல் கால் ஒடிந்து கிடந்த ஒரு சிப்பாய் பிறகு சொன்னான், “அரை மணி நேரம் கூப்பிட்டான்யா. உன்னைத்தான் கூப்பிட்டான். அப்புறம் அவங்கம்மாவை.”

இரண்டு மாதம் கழித்து லீவு கிடைத்ததும், சிநேகிதனின் சட்டைகள், கைக்கடிகாரம், கடிதக்கட்டு எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். தரைத்தளத்தில் ஒரே அறை. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த ஒரு பாவாடை. கதவோரத்தில் பன்னிரண்டு வயதுத் தம்பி நின்றான். அந்த அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ரொம்பக் கஷ்டப்பட்டானா தம்பி?”

வழியெல்லாம் எதையெதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவருக்கு அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. வேறொன்று தானாக வந்தது. “இல்லம்மா. அந்த இடத்துலயே முடிஞ்சுபோச்சு. ஒரு சத்தமும் போடல.”

“ஒரு சத்தமும் போடலையா?”

“போடலம்மா.”

அந்த அம்மா மூச்சை விட்டாள். அந்த இரண்டு மாதமும் அவள் மூச்சே விடாமல் இருந்தது போல இருந்தது. கதவோரத்தில் நின்ற பையனைப் பார்த்து, “கேட்டியாடா? உங்க அண்ணன் ஒரு சத்தமும் போடலையாம்” என்றாள். அவள் முகத்தில் துக்கத்தோடு பெருமையும் வந்து உட்கார்ந்ததைப் பட்டாளத்தார் பார்த்தார். சரி, இந்த அளவுக்காவது ஒரு நல்லது செய்தோம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார். பாவம், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

பட்டாளத்து வருஷங்கள் முடிந்ததும் அவர் வேலை தேடியது அந்த அம்மா இருந்த ஊரில்தான். பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று முப்பத்து நாலு வருஷம் எழுதினார். டிரைவர்களுக்கு அவரைக் கண்டால் பயம், அதைவிட அதிகம் பாசம். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே மகள் பிறந்தாள்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது குரல் கொடுத்தால் உட்கார்ந்திருக்க முடியாது. எங்கே யார் “ஐயோ” என்றாலும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடுவார். பிரசவ வலி எடுத்தவளைப் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, தீப்பிடித்த மரக்கடையிலிருந்து கிழவரைத் தோளில் போட்டு இறக்கியது, குழாயடியில் வழுக்கி விழுந்தவருக்குக் கால் கட்டியது என்று தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் காணாமல்போன பூனையைக் கூப்பிட்டதற்கும் ஒருமுறை முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்து நின்றார். “உங்களைக் கூப்பிடலைங்க, பூனையைக் கூப்பிட்டேன்” என்றாள் அவள். தெரு ஒரு வாரம் சிரித்தது. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று சிரித்தவர்கள் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்காரிக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. மகளுக்கு ஆறு வயது, நல்ல காய்ச்சல். குழந்தை முனகக்கூட இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. இவர் நாலு வீடு தள்ளி யாரோ போட்ட கூச்சலுக்குப் போய், நேரம் கழித்துத் திரும்பி வந்தார். “ஊர்ல எவன் கத்தினாலும் ஓடறீங்க. எங்களுக்குக் கத்தத் தெரியாது, அதான் நாங்க உங்க கண்ணுக்குத் தெரியறதில்ல” என்றாள் அவள். பட்டாளத்தார் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாராவது ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், “என்னம்மா, ஏன் பேசாம இருக்கே? எங்கயாவது வலிக்குதா?” என்று நச்சரிக்க ஆரம்பித்தார். “அப்பா, நான் படிக்கிறேன்பா! படிக்கும்போது எப்படிப் பேசறது?” என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

பேண்டு ஆரம்பித்தது அவருடைய முப்பத்தொன்றாவது வயதில். டிப்போவில் ஒரு மெக்கானிக்குக்கு டிராம்போன் தெரிந்திருந்தது, இரண்டு கண்டக்டர்களுக்கு ஊத ஆசை இருந்தது. பேக்கரிக்காரர் ஒருவர், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒருவர் என்று ஒவ்வொருவராக ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கும் கொட்டகையில் பயிற்சி. அங்கே ஊதினால் யாரும் ஜன்னலைச் சாத்த மாட்டார்கள். பள்ளிக்கூட விளையாட்டு விழா, ஓய்வு பெறுபவர்களுக்கு வழியனுப்பு, ஆஸ்பத்திரித் தோட்டத்தில் மாதம் ஒரு நாள், தெருவில் யார் செத்தாலும் கடைசிப் பயணம், எல்லாவற்றுக்கும் போய் வாசித்தார்கள். கைநீட்டி எதுவும் வாங்கியதில்லை. சாவு வீட்டில் வாசித்துவிட்டு வருகிற அன்று மட்டும் பட்டாளத்தார் யாரிடமும் பேசமாட்டார்.

கிளாரினெட்காரனின் தம்பி அதற்குள் வளர்ந்து தையல்காரனாகியிருந்தான். அம்மாவின் மெஷினையே வைத்துத் தெருமுனையில் கடை போட்டிருந்தான். பத்தொன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசலில் வந்து நின்றான். “எங்க அண்ணன் மாதிரி எனக்கு மூச்சு கிடையாது அண்ணே. டிரம் இருந்தா குடுங்க” என்றான். கொடுத்தார். நாற்பத்தெட்டு வருஷம் அந்த டிரம் ஒரு தாளம் தப்பவில்லை. பேண்டு முழுவதற்கும் நீலக் கோட்டு தைத்ததும் அவர்தான். பத்து வருஷத்துக்கு ஒருமுறை பட்டாளத்தாரின் கோட்டைப் பிரித்து விடும்போது, “நீங்க பெருத்துக்கிட்டே போறீங்க, துணி பெருக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?” என்பார். வாரம் தவறாமல் ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிடுவார். மகளின் கல்யாணத் துணியெல்லாம் தைத்து அனுப்பியவர் அவர். ரத்த சம்பந்தம் இல்லையே தவிர, தம்பிதான்.

ஆனால் அந்தத் தம்பி அழுமூஞ்சி இல்லை. அதுதான் விஷயம். அண்ணன் சிரித்துச் சிரித்துச் சொன்ன அந்த அழுமூஞ்சிப் பையன் எங்கேயோ காணாமல் போயிருந்தான். ஒருமுறை பட்டாளத்தார் அளவு கொடுக்கக் கடையில் நின்றபோது, மெஷின் ஊசி தையல்காரரின் விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. தையல்காரர் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஊசியை மேலே எடுத்தார், துணிக்கிழிசலை விரலில் சுற்றினார், விட்ட காலரைத் தைத்து முடித்தார். “என்னய்யா மனுஷன் நீ, ஒரு ஐயோகூடச் சொல்லமாட்டியா?” என்று வாடிக்கையாளர் ஒருவர் பதறினார்.

“எங்க அண்ணன் குண்டடி பட்டே ஒரு சத்தமும் போடலைங்க. இது வெறும் ஊசி” என்றார் தையல்காரர்.

பட்டாளத்தாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தை அவருடையது. அப்புறம் கவனித்துப் பார்த்தால் அது அந்த வீட்டின் வேதமாகவே ஆகியிருந்தது. பல் வலியா, கால் சுளுக்கா, பரீட்சையில் தோல்வியா, அந்த அம்மா சொல்வது அதைத்தான். “உங்க அண்ணன் ஒரு சத்தமும் போடலடா.” விருந்தாளிகளிடம் சொல்வாள், வாடிக்கைக்காரர்களிடம் சொல்வாள், பட்டாளத்தாரையே சாட்சிக்கு இழுப்பாள். “நீயே சொல்லுப்பா, நீ பக்கத்துல இருந்தவன்.” அவரும் மென்று விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டுவார். வேறென்ன செய்வது? அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கொம்பைத்தானே! தொண்ணூற்றொரு வயதில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தாள். பிள்ளை வாசலில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் விறைத்து நின்றார். தெரு அவர் திடத்தை மெச்சியது. பட்டாளத்தார் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். அந்த நாளை பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில், நடுப்பாட்டில் டிரம் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. “ஒண்ணுமில்லண்ணே, நீங்க வாசிங்க” என்று சிரித்தார். சிரித்தபடியே சாய்ந்துவிட்டார். டிப்போ வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. பட்டாளத்தாரையும் தையல்காரரின் மனைவியையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “ஒரு வருஷமாவது கடுமையா வலிச்சிருக்கணும். எப்படித் தாங்கினாரு, எனக்குப் புரியல. முன்னாடியே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். இப்ப வலியில்லாம பாத்துக்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. ஆனா அதுக்கும் அவர் விடமாட்டேங்கிறாரு. ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு வலின்னு கேட்டா, ரெண்டுங்கிறாரு. ரெண்டுன்னு சொல்றவருக்கு ரெண்டுக்கு உள்ள மருந்துதான் குடுக்க முடியும். நீங்களாவது சொல்லிப் பாருங்க.”

தையல்காரரின் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். “ஒரு வருஷங்க! என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல. நேத்து கெஞ்சிக் கேட்டேன், ஏன் இப்படிப் பண்றீங்கன்னு. ‘எங்கண்ணன் வயித்துல குண்டு வாங்கிட்டு சத்தம் போடாம போனான், நான் இதுக்குப் போய்க் கத்தறதா’ங்கிறாரு. செத்துப்போனவரை இப்படியா கட்டிக்கிட்டு அழுவாங்க?”

பட்டாளத்தார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அண்ணனை மேட்டுக்குப் பின்னால் விட்டு வந்தேன். தம்பியை நானே என் வாயால் அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை, சமையலறை மேஜையில், ஐம்பத்தைந்து வருஷமாய் யாரிடமும் சொல்லாததை மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த காபி ஆறிப்போகும் வரை கேட்டாள். கேட்டு முடித்து, “என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?” என்றாள். அதில் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம். ஆறிய காபியைக் கொட்டிவிட்டு வந்து அவளே கேட்டாள்.

“சரி. சொல்றீங்கன்னு வெச்சுக்குவோம். அவர் உங்களை மன்னிக்கலேன்னா?”

“மன்னிக்க வேண்டாம். கத்தினா போதும்.”

“போய்ச் சொல்லுங்க” என்றாள் அவள். எழுந்துபோய் அவருடைய நல்ல சட்டையை இஸ்திரி போட எடுத்தாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். பன்னிரண்டாம் நம்பர் ஜன்னலோரக் கட்டில். தையல்காரர் துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தார். பட்டாளத்தாரைக் கண்டதும் சட்டென்று துண்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகினார். முகத்தில் அதே சிரிப்பு.

“வாங்கண்ணே. பேண்டு எப்படி இருக்கு? டிரம் யார் அடிக்கிறா?”

“எவனும் அடிக்கல. வலிக்குதாடா?”

“லேசா.”

பட்டாளத்தார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டார். “தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல நிறுத்தாதே. நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்க எனக்குத் தெம்பு கிடையாது” என்றார். சொன்னார். தூறலைச் சொன்னார், சமையல்காரரைச் சொன்னார், விதியைச் சொன்னார், காதைக் கொடுத்துக் கேட்டதைச் சொன்னார். “உங்க அண்ணன் கத்தினான்டா. அந்த மேடே அதிர்ற மாதிரி கத்தினான். நான்தான் அவனுக்கு மூச்சு இருக்குன்னு விட்டுட்டுப் போனேன். ஒரு சத்தமும் போடலன்னு உங்கம்மாகிட்ட சொன்னது பொய். மொத்தமும் பொய்.”

தையல்காரர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“எவ்வளவு நேரம் கத்தினான்?”

“அரை மணி நேரம்னு சொன்னாங்க.”

“யாரைக் கூப்பிட்டான்?”

“முதல்ல என்னை. அப்புறம் அம்மாவை.”

“என்னை?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த முகம் கொஞ்சம் இளகும், யாருக்கும் நஷ்டமில்லை. பட்டாளத்தாரின் வாய் வரைக்கும் வந்தது. “தெரியாதுடா. நான் அங்க இல்ல” என்றார்.

தையல்காரர் மெல்லத் தலையைத் திருப்பினார். நாற்பத்தெட்டு வருஷத்தில் பட்டாளத்தார் பார்க்காத கண் அது. “எங்கம்மா செத்தப்ப நான் அழல. ஞாபகம் இருக்கா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அண்ணன் பாத்துட்டு இருப்பான்னு நெனச்சேன். என் பையன் அஞ்சு வயசுல கையை ஒடிச்சுக்கிட்டு அழுதான். அடிச்சேன் அண்ணே. ஏன்டா அழறேன்னு அடிச்சேன்!”

“தெரியும்டா.”

“என்ன தெரியும் உங்களுக்கு? வெளிய போங்க.”

பட்டாளத்தார் எழுந்தார். அவர் எதிர்பார்த்து வந்ததுதான். கட்டிலின் கால்மாட்டு வரை போயிருப்பார். பின்னால் தையல்காரரின் மூச்சு மாறியது. வலி வருகிறது என்று தெரிந்தது. தலையணைக்கு அடியில் கை போய்த் துண்டைத் தேடுவதும் தெரிந்தது. கை துண்டைத் தொட்டது, பிடித்தது, பிறகு விட்டுவிட்டது.

முதலில் வந்தது முனகல்தான். பழக்கமில்லாத தொண்டை, எப்படிக் கத்துவது என்றே அதற்குத் தெரியவில்லை. பிறகு “அம்மா!” என்று ஒரு கத்தல். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர்கள் உறைந்து போனார்கள். இன்னொரு கத்தல். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடிவந்தாள்.

“என்ன ஐயா, என்ன பண்ணுது? எவ்வளவு வலி?”

“பத்து!” என்று கத்தினார் தையல்காரர். “பத்தும்மா! பத்து! ஒரு வருஷமா பத்து!”

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். பட்டாளத்தார் திரும்பி வந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தார். கை உதறிவிடப் பார்த்தது. அவர் விடவில்லை. “போகச் சொன்னேன்ல?” என்றார் தையல்காரர், அழுகைக்கு நடுவில். “கத்துடா, கத்து” என்றார் பட்டாளத்தார். அவர் கன்னத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

ஊசி போட்டார்கள். அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். அதுவரை தையல்காரர் கத்தினார். அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார், பட்டாளத்தாரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கத்தினார். ஆனால் உதறப் பார்த்த அந்தக் கை இப்போது பட்டாளத்தாரின் கையை இறுகப் பிடித்திருந்தது. விரல் எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது.

அஞ்சு மணிக்கு மணி அடித்தார்கள். மற்றப் பார்வையாளர்கள் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நர்ஸ் வந்து, “நேரம் முடிஞ்சுது ஐயா. இங்க ரூல்ஸ் ரூல்ஸ்தான். நீங்க போயிட்டு நாளைக்கு வாங்க” என்றாள்.

வாழ்நாள் முழுக்க ஒரு விதியையும் மீறாத மனிதர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் போகலம்மா” என்றார்.